கரைந்து போகும் நூல்

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் பேச எழுந்தால் நூல்களைப் படியுங்கள் என்று சொல்லுவது வழக்கம். நானும் இன்று ஒரு நூலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அது படிக்கிற நூல் அன்று, தைக்கிற நூல். அதிலும் துணி தைக்கிற நூல் அன்று. நம் உடம்பைத் தைக்கிற நூல். தைத்த பிறகு தன் வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்து போகிற நூல்.

நான் டாக்டர் அல்லன். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். நான் செய்த ஒரு தவற்றால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேலாங்கில் நடந்தது

என் சின்னம்மா மகன் சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறான். கேலாங்கில் ஒரு லோரோங்கில், கடைவீட்டு மாடியில், நண்பர்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறான். ஒரு நாள் வேலையிடத்தில் தகரத்தின் விளிம்பு முன்கையைக் கிழித்துவிட்டது. ஆழமான வெட்டு. உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு என்று இரண்டு அடுக்காகத் தைத்தார்கள். பத்து நாள் கழித்து வெளித்தையலைப் பிரித்தார்கள்.

அன்று இரவு எனக்குப் போன் செய்தான். "அண்ணே, தையல் பிரிச்சாச்சு. நாளைக்கு வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டான். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெரிய மேதை மாதிரி, "தையல் பிரிச்சாச்சுன்னா காயம் ஆறிப்போச்சுன்னுதானே அர்த்தம்? போடா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மறுநாள் கம்பி தூக்கினான். அதற்கு அடுத்த நாள் காயம் வாய் பிளந்துவிட்டது. கிருமியும் புகுந்தது. மூன்று நாளில் முடிய வேண்டிய சங்கடம் ஒன்றரை மாதம் இழுத்தது.

சனிக்கிழமை பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தேன். டுரியான் பருவம். சிம்ஸ் அவென்யூ முழுக்கக் கடைகள். அந்த வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறி வந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஏண்டா, வலிச்சப்பவே நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது. "வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் அண்ணே."

அன்றைக்குத்தான், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்லும் பாடத்தை நானே படித்தேன். இந்த நூலைப் பற்றித் தேடிப் படிக்கவும் ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நூல் எத்தனை நாள் தாங்கும்?

வெளியே போடுகிற தையல் பெரும்பாலும் நைலான் போன்ற கரையாத நூல். அதைப் பிரித்து எடுக்க வேண்டும். உள்ளே போடுகிற தையலைப் பிரிக்க மறுபடியும் உடம்பைக் கிழிக்க முடியுமா? ஆகவே அங்கே கரையும் நூலைப் போடுகிறார்கள். வெளித்தையல் போன பிறகும் உள்ளே அந்த நூல்தான் சதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூல் கரைந்து முடிவது வேறு, நூல் வலுவிழப்பது வேறு. ஆட்டுக்குடலில் செய்த சாதாரண நூல் முழுக்கக் கரைய ஏறத்தாழ 70 நாளாகும். ஆனால் அதன் பிடிப்பு 7 முதல் 10 நாளிலேயே தளர்ந்துவிடும். இன்று அதிகம் பயன்படும் விக்ரில் என்ற செயற்கை நூல் இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு வலுவோடும், மூன்று வாரத்தில் பாதி வலுவோடும், நான்கு வாரத்தில் கால் பங்கு வலுவோடும் இருக்கும். 56 முதல் 70 நாளில் முழுக்கக் கரைந்துவிடும்.

நூல் தளரத் தளரக் காயம் வலுப்பெற வேண்டும். காயத்தின் கணக்கு என்ன? முதல் வாரத்தில் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மூன்று வாரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு பங்கு. பழைய வலு முழுவதும் ஒருபோதும் திரும்புவதில்லை. என் தம்பி கம்பி தூக்கியது பன்னிரண்டாம் நாள். மேலே தோல் மூடியிருந்தது. உள்ளே எல்லாச் சுமையும் அந்த நூலின் தலையில் இருந்தது.

இது தோட்டத்துக்காரர்களுக்குப் புதிய பாடமா? பால்மரம் சீவியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சீவிய இடத்தில் புதுப்பட்டை தெரிகிறதே என்று உடனே அதே இடத்தில் கத்தி வைப்பீர்களா? பட்டை தடித்து முற்ற ஆண்டுக்கணக்கில் விட்டு வைப்பீர்கள். மரத்துக்குக் கொடுக்கிற அந்த அவகாசத்தை நம் கைக்கும் காலுக்கும் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

எறும்பிலிருந்து ஆட்டுக்குடல் வரை

உடம்பைத் தைக்கும் கலை நம்மவர்களுக்குப் பழையது. ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டதாகக் கருதப்படும் சுசுருத சம்ஹிதையில், சணல் நார், மரப்பட்டை நார், தசைநார், மயிர் ஆகியவற்றால் காயத்தைத் தைக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. குடல் கிழிந்தால் என்ன செய்வது? கிழிந்த இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட்டு, கடித்த எறும்பின் உடலைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டுமாம். மாணவர்களே, சிரிக்காதீர்கள்! உள்ளே விடுவதைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது.

மேற்கே, இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் பட்டு நூலையும் குடல் நூலையும் பயன்படுத்தினார். பழைய நரம்புக் கருவிகள் பலவற்றுக்குப் பூட்டிய நரம்பும் அதே குடலில் திரித்ததுதான். இதற்கு ஆங்கிலத்தில் கேட்கட் என்று பெயர். பெயரில் பூனை இருக்கிறதே தவிர நூலில் பூனை கிடையாது. ஆட்டுச் சிறுகுடலின் உள்ளடுக்கு, அல்லது மாட்டுக் குடலின் வெளியடுக்கு. அதைக் கழுவிச் சுரண்டி, நாடாவாகக் கீறி, முறுக்கி, உலர்த்தி, வழுவழுப்பாகத் தேய்த்து எடுப்பார்கள். இறைச்சிக்கடையில் தூக்கி எறிகிற பொருள் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கட்டுகிற பொருளாயிற்று.

ஆனால் அதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. நூலோடு கிருமியும் உடம்புக்குள் போய்விடும். இங்கிலாந்தில் பிறந்த ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் குடல் நூலைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கன்றுக்குட்டியின் இரத்தக் குழாயைக் கட்டிச் சோதித்து, 1869இல் அதை உலகுக்குச் சொன்னார். நூல் சீழ் பிடிக்காமல் மறைந்து, அதன் இடத்தில் உயிருள்ள சதை வந்து அமர்ந்திருந்தது. பின்னர் 1908இல் ஜெர்மனியில் கிருமி நீக்கிய குடல் நூலைத் தொழிற்சாலை முறையில் செய்யத் தொடங்கினார்கள்.

அடுத்த குறை, அது சீக்கிரம் கரைவது. இதற்கும் லிஸ்டர் வழி கண்டார். குரோமிய உப்பில் நூலை ஊறவைத்தால் அது மெதுவாகக் கரையும். குரோமியம் என்றவுடன் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு ஞாபகம் வரும். தோல் பதனிடுவதற்குப் போடுகிற அதே சரக்கு. ஆம், குடல் நூலைப் பதனிடுவதும் தோலைப் பதனிடுவதும் ஒரே தத்துவந்தான். சாதாரணக் குடல் நூல் 70 நாளில் கரைந்தால், குரோமியம் ஏற்றியது 90 நாளுக்கு மேலும் நிற்கும்.

சென்னையில் அவிழ்ந்த முடிச்சு

ஏன் அப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நம் சென்னை உதவியது என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

குடல் நூல், தோல், தசைநாண் எல்லாமே கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. அதன் உள்ளமைப்பு எப்படி இருக்கும் என்று உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் திணறிக்கொண்டிருந்த காலம். ஜி. என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்-ரே கொண்டு ஆராய்ந்தார்கள். 1954இல் விடையை வெளியிட்டு, 1955இல் அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள்.

விடை என்ன தெரியுமா? இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண் குழந்தையின் முதுகிலும் அது தொங்குகிறது. மூன்று பிரிச் சடை! மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னியதுதான் கொலாஜன். ஒற்றை இழை எளிதில் அறும். மூன்றாகப் பின்னினால் தாங்கும். நம் உடம்பில் சுரக்கும் நொதிகள் இந்தப் பின்னலை மெல்ல மெல்ல வெட்டிக் கரைக்கின்றன. குரோமியம் இழைகளுக்கு இடையே முடிச்சுப் போட்டுவிடுவதால் நொதிக்கு வேலை கடினமாகிறது. காயத்தில் சீழ் பிடித்தாலோ நொதி பெருகிக் குடல் நூல் சீக்கிரமே கரைந்துவிடும். காயத்தைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று டிரெசர் அந்தக் காலத்தில் கத்தியதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

இன்றைய நூல்கள்

இயற்கைப் பொருளுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆட்டுக்கு ஆடு, உடம்புக்கு உடம்பு வேறுபடுவதால் இத்தனை நாள் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1970ஆம் ஆண்டை ஒட்டிச் செயற்கையான கரையும் நூல்கள் வந்தன. இவற்றை வெட்டுவது நொதி அன்று, உடம்பிலுள்ள தண்ணீரே. ஆகவே கணக்குத் தவறுவது குறைவு. பிறகு மாட்டுக்குப் பைத்திய நோய் பரவிய பயத்தால், 2000ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் குடல் நூலைக் கைவிட்டார்கள்.

அதோடு இயற்கையின் கதை முடிந்துவிட்டதா? இல்லை. ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் இயற்கையிடமே போய் நிற்கிறார்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் இருப்பதால் அதை இழையாக்கிப் பார்க்கிறார்கள். நுண்ணுயிர்களை வளர்த்து, அவை தம் உடலில் சேர்த்து வைக்கும் பொருளைப் போன்ற ஒன்றிலிருந்து செய்த கரையும் நூலுக்கு 2007இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பட்டு நூலும் உள்ளே இருந்தால் ஓரிரண்டு ஆண்டில் மெதுவாகத் தேய்ந்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல், மருத்துவப் பட்டு நூலுக்கு மின்சாரம் கடத்தும் பூச்சுக் கொடுத்து, சிறு உணரி ஒன்றையும் பொருத்தினார்கள். உள்ளே தையல் விட்டுப்போனால் வெளியே இருக்கும் கருவிக்குச் செய்தி வந்துவிடும். பாட்டரிகூட வேண்டியதில்லை. என் தம்பியின் கையில் அப்படி ஒரு நூல் இருந்திருந்தால் என்று நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே ஆண்டில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டுரியான் தோலிலிருந்து செல்லுலோஸ் என்ற நாரைப் பிரித்தெடுத்து, கிளிசரால் சேர்த்து, கிருமியை எதிர்க்கும் மென்மையான காயக்கட்டு ஒன்றைச் செய்தார்கள். இது நூல் அன்று. கட்டுத்துணிக்குப் பதில் ஒட்டுவது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். அன்று கேலாங்கில் என் தம்பி குடியிருந்த மாடிக்குக் கீழே கூடை கூடையாகக் குவிந்து கிடந்ததே, அந்த முள்தோல்! அதன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நான் ஏறிப் போனது காயத்தைப் பார்க்க. காயத்துக்கு மருந்தாகக் கூடிய பொருள் படிக்கட்டு வாசலிலேயே கிடந்திருக்கிறது.

கேலாங்கும் ஒரு காலத்தில் நம்மைப் போலத் தோட்டந்தான். கேலாங் செராய் என்ற பெயரிலுள்ள செராய், மலாயில் எலுமிச்சைப் புல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்சகோஃப் குடும்பத்தார் அங்கே பெரிய அளவில் அதைப் பயிரிட்டார்கள். புல்லிலும் தோலிலும் குடலிலும் ஓட்டிலும் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண்ணைத் திறப்பதற்குத்தான் பள்ளிக்கூடம்.

சின்னம்மாவின் கேள்வி

இதையெல்லாம் சின்னம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. மாமிசம் தொடாதவர். "அப்போ எம் புள்ள கைக்குள்ள ஆட்டுக் கொடலா வச்சுத் தச்சாங்க?" என்று கேட்டார். சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. நம் அண்டை வீட்டு முஸ்லிம் சகோதரர்களும், எந்த மிருகத்தின் பொருள் என்று கேட்பது உண்டு. கேட்க உரிமை இருக்கிறது. விலங்குப் பொருள் கலவாத செயற்கை நூல் இன்று தாராளமாகக் கிடைக்கிறது. நேரம் இருக்கும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான வேளையில் மட்டும் நூலின் குலம் கோத்திரம் விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். விசாரித்துப் பார்த்ததில் தம்பிக்குப் போட்டது செயற்கை நூல். சின்னம்மா சாமி படத்துக்கு முன் நின்று ஒரு பெருமூச்சு விட்டார்.

மூன்று கேள்விகள்

பெற்றோர்களே, தொழிலாள நண்பர்களே, வீட்டில் யாருக்காவது தையல் போட்டால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் திரும்பாதீர்கள். உள்ளே கரையும் நூல் போட்டிருக்கிறீர்களா? எப்போது பளு தூக்கலாம்? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்ப வர வேண்டும்? காயம் சிவந்து சுடுவது, வீங்குவது, சீழ் கசிவது, காய்ச்சல் வருவது, இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்காதீர்கள். சில சமயம் நூல் நுனி தோலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வீட்டிலேயே பிடித்து இழுக்காதீர்கள். அங்கே ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பயந்து என் தம்பி இழந்தது ஒன்றரை மாதம்.

டாக்டர் பேசுவது புரியவில்லை என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். என் தம்பியும் அப்படித்தான் தலையாட்டினான். மாணவர்களே, இங்கேதான் நீங்கள் வேண்டும். மூன்று மொழி படிக்கிறீர்கள். அப்பாவோடு கிளினிக்குக்குப் போனால், "பெனாங் இனி லாருட் செண்டிரி கெ?" என்று மலாயில் கேட்க உங்களால் முடியாதா? "இந்த நூல் தானாகக் கரையுமா?" என்ற ஒரே கேள்விதான். அதைக் கேட்டு, பதிலைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னால், இன்றைக்கு இந்த மேடையில் வாங்கப் போகும் பரிசைவிட அது பெரிய பரிசு.

நிறைவாக ஒன்று. நல்ல நூலுக்கு இலக்கணம் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். சீக்கிரம் போய்விட்டால் காயம் பிளக்கும். போகாமலே இருந்துவிட்டால் உடம்புக்குள் உறுத்தும். சதை தானாகச் சேரும்வரை இறுகப் பிடித்திருந்து, சேர்ந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட வேண்டும். பெற்றவர்களும் கற்றுக்கொடுப்பவர்களும் செய்வது அதுதானே? பிள்ளைகளே, உங்களை இப்போது கொஞ்சம் இறுகத்தான் பிடித்திருக்கிறோம். ஒரு நாள் நாங்கள் பிடித்திருந்த இடம்கூடத் தெரியாது. அன்று நீங்கள் சேர்ந்து நிற்பீர்கள், அது போதும்.

என் தம்பியின் கை இப்போது நன்றாக இருக்கிறது. முன்கையில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பெறாதவர்களுக்கும் அதே வாழ்த்துகள்.